தையல் மெஷினில் ஒரு மொபெட் கண்ணாடி

என் அலுவலகத்தின் பின்னறையில் ஒரு தையல் மெஷின் கிடக்கிறது. அதன் தலைமேல், பழைய மொபெட்டிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஒன்றைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், "இது என்னங்க, மெஷின ரோட்டுல ஓட்டப் போறீங்களா?" என்று. முன்பெல்லாம் நானும் சேர்ந்து சிரிப்பேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. அந்தக் கண்ணாடி எதற்கு என்று எனக்கே ஒழுங்காகப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

அதை மாட்டியவரை நான் அக்கா என்றுதான் சொல்வேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பிறவியிலேயே காது கேட்காது. ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருந்தது. அதைத் தன் பெயர் என்று அவர் நினைத்ததே இல்லை. கேட்காதவர்கள் ஒருவருக்கொருவர் கையால் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஆளைப் பார்த்து, அவரிடம் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு. அக்காவின் பெயர், முகத்துக்கு நேரே இருக்கும் ஒரு கண்ணாடியை விரலால் லேசாகத் திருப்பிவைக்கிற மாதிரி ஒரு சைகை. அதை எப்படி எழுதுவது? அதனால் அக்கா.

அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. திருக்கோகர்ணத்தில் இருந்த வீட்டைக் காலி செய்து குடும்பத்தோடு போய்விட்டார்கள். நானும், சைகை தெரிந்த ஸ்டெல்லாவும் விசாரிக்காத இடமில்லை. "அண்ணன் வீட்டுலதான தங்கச்சி இருக்கு, இதுல ஒங்களுக்கு என்னங்க?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் சுவரைத் தேடுவார். சுவரில் முதுகு ஒட்டிய பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும். டவுன் பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுதான். முன்னால் எத்தனை சீட் காலியாக இருந்தாலும் தூக்கிப்போடும் அந்தக் கடைசி சீட்டில் போய் உட்கார்வார். தெருவில் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். படி இறங்கும்போது நடுவில் நின்று ஒரு தடவை மேலே பார்ப்பார். சுவர் கிடைக்காவிட்டால் அணைந்த செல்போனைக் கையில் சாய்த்துப் பிடித்து, அதில் தெரிகிற நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் நான் அதைக் கேலி செய்வேன். "யாருக்கா ஒங்கள அடிச்சிட்டுப் போகப் போறது?" என்பேன். ஸ்டெல்லா அதைச் சைகையில் சொல்ல மாட்டாள். "சிரிக்கிற விஷயமில்லங்க," என்று என்னையே பார்ப்பாள்.

ஸ்டெல்லா கீரனூர்ப் பெண். அவளுக்குக் காது கேட்கும். அவளுடைய அப்பா அம்மா இருவருக்கும் கேட்காது. அதனால் பேச்சுக்கு முன்பே சைகை வந்துவிட்டது அவளுக்கு. எங்களுக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னவள் அவள்தான்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். தினமும் கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய், வெறுத்து, திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியில் இரண்டு அறை பிடித்துச் சொந்தமாக ஆரம்பித்தேன். கேட்காதவர்கள் கையில் கட்டிக்கொள்ள ஒரு கருவி. காலிங் பெல் அடித்தால், குழந்தை அழுதால், குக்கர் விசில் போட்டால் அது மணிக்கட்டில் அதிரும். முதல் மாதிரியைச் செய்து முடித்ததும் தலைகால் புரியவில்லை எனக்கு. ஆறு பேரை வரவழைத்துக் கட்டிவிட்டேன். ஐந்து பேர் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். அக்கா மட்டும் அதைக் கழற்றி மேசையில் வைத்து, கரப்பானைத் தள்ளுவது போல ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். கை இரண்டு மூன்று தடவை அசைந்தது.

"யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு கேக்குறாங்க," என்றாள் ஸ்டெல்லா.

"யாருக்கும் ஒண்ணுமில்லயே."

"அப்ப எதுக்கு இந்த ஆஸ்பத்திரிப் பட்டைங்கிறாங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எட்டு மாத வேலை. ஆனால் போகும்போது அதைக் கேட்டு எடுத்துப்போன அக்கா மறுநாள் திரும்பி வந்தார். என் கருவியை டப்பாவிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு தடித்த வளையலுக்குள் அடக்கி, மேலே அரக்கு நிறப் பட்டு நூலை இழை பிசகாமல் சுற்றியிருந்தார். அவர் போட்டிருந்த ஜாக்கெட்டின் பார்டரும் அதே அரக்கு. கையைத் தூக்கிக் காட்டினார். கல்யாணத்துக்குப் போகிற பெண் கையில் என்ன இருக்குமோ அது இருந்தது. உள்ளே மோட்டார் இருக்கிறது என்று அடித்துச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். நான் அன்றைக்கே பின்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தேன். தன் மெஷினைக் கொண்டுவந்து போட்டார். முதல் வேலையாக அந்தக் கண்ணாடியை மாட்டினார், வாசல் படி தெரிகிற கோணத்தில்.

அது அவர் அண்ணனின் பழைய மொபெட் கண்ணாடி. அண்ணனை நான் முதலில் பார்த்தது அந்த வாரம்தான். நல்ல மரியாதையான மனிதர். "இருக்கீங்களா தங்கச்சி? நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் படி ஏறுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு அக்கா தைத்துக்கொண்டிருந்தார். கேட்காதவர்களைக் கூப்பிட ஒரு முறை உண்டு: எதிரே வந்து கையை அசைக்க வேண்டும், தூரத்தில் இருந்தால் தரையில் காலைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோளில் லேசாக இரண்டு தட்டு. அண்ணன் எதுவும் செய்யவில்லை. நேராகப் பின்னால் போய் அக்காவின் பிடரியை முழுக் கையால் பிடித்தார். அக்கா அசையவில்லை. கண்ணாடியில் முன்பே பார்த்திருந்தார். அவர் கால் மட்டும் மிதியிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கியது.

"கூப்பிட்டா கேக்காதுல்ல தங்கச்சி, அதான்," என்றார் அண்ணன் என்னிடம், சிரித்துக்கொண்டே.

அப்போதே எனக்கு என்னமோ போல இருந்தது. ஆனால் அவர் கீழே கடையில் எங்கள் மூன்று பேருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனார். டீ குடித்ததும் மறந்துவிட்டேன்.

வளையலில் அதிர்வு எப்படி வர வேண்டும் என்று பேசும்போதுதான் அக்கா பிடிவாதமாக ஒன்றைச் சொன்னார். "என்னைய யாராச்சும் தொட்டா நான் திரும்பிப் பாப்பேன். இது தொடுது, திரும்புனா யாருமில்ல. தொடுறது யாருன்னு அந்தத் தொடுதல்லயே தெரியணும்." கையில் பெயர் வைப்பது போல, அதிர்விலும் ஆளுக்கொரு பெயர் வைக்கலாம் என்றார். எனக்கு அங்கேயே ஒன்று வைத்தார்: படபடவென்று மூன்று குட்டித் தட்டு. "நீங்க எதுலயும் அவசரம்ல," என்று ஸ்டெல்லா சொல்லிச் சிரித்தாள். ஸ்டெல்லாவுக்கு மெதுவாக இரண்டு. யாருக்கு அவர் பெயர் வைக்கிறாரோ அவர் மட்டும்தான் தன் போனிலிருந்து அந்த வளையலைத் தொட, அதாவது அதிர வைக்க, முடிய வேண்டும் என்பது அக்காவின் கட்டளை.

"அண்ணனுக்கு?" என்று கேட்டேன்.

அக்கா நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்றும் கேட்டார். வளையலின் வாய்க்கு ஒற்றைக் கையால் கழற்றுகிற மாதிரி கொக்கி வேண்டும். கொக்கி வைத்தால் பட்டு நூல் விலகி அசிங்கமாகத் தெரிந்தது. நான் திருகாணி வைத்தேன். தங்க வளையல் மாதிரி மூடியது தெரியாமல் மூடிக்கொள்ளும், பார்க்க அவ்வளவு நேர்த்தி. திறக்க ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அக்கா தன் இடது கையால் வலது மணிக்கட்டைத் திருகித் திருகிக் காட்டி, முடியாது, முடியாது என்றார். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுக்கா, எதுக்குக் கழட்டணும்?" என்றேன். அவசரக்காரி என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்.

மோட்டார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லாத சின்ன மோட்டார் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். கையில் இருந்தது கொஞ்சம் பெரியது. அதிர்ந்தால் கர்ரென்று சத்தம் வரும். சும்மா கையில் இருந்தால் வண்டு ரீங்காரம் மாதிரி, பெரிதாகத் தெரியாது. ஏதாவது தகரத்திலோ பலகையிலோ கை பட்டிருந்தால் அறை முழுக்கக் கேட்கும். ஸ்டெல்லாதான் கேட்டாள், "இவ்வளவு சத்தம் போடுதே?" என்று. "கேக்காதவங்களுக்குத்தான, போட்டா போடுது," என்றேன். இதை நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை. வாய் கூசாமல் சொன்னேன்.

சோதனைக்கு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. இணையத்திலிருந்து எடுத்த படிவம். "பொறுப்பாளர்" என்று ஒரு கோடு இருந்தது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு எதற்குப் பொறுப்பாளர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் வந்திருந்தார், பேனாவை நீட்டினேன். டப்பாவையும் அவரிடமே கொடுத்தேன். வளையல், சார்ஜர், குட்டி ஸ்க்ரூ டிரைவர். வெளியிலிருந்து தொடுகிற வசதியை அவருடைய போனில்தான் இணைத்துக் கொடுத்தேன். அதிர்வுக்குப் பெயர் வைக்கிற வசதி இன்னும் முடியவில்லை, அடுத்த மாதிரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இப்போதைக்கு ஒரு பட்டன், அழுத்திக்கொண்டிருக்கும் வரை அதிரும். முப்பது அடிக்குள் எங்கே இருந்தாலும் போதும். அண்ணன் அங்கேயே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். விரலை எடுக்கவே இல்லை. அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல பொருள் தங்கச்சி," என்றார் அண்ணன்.

ஸ்டெல்லா வீட்டு நிச்சயதார்த்தம் கீரனூர் மண்டபத்தில். அக்காவுக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை. வளையலுக்கும் அதே நிறத்தில் புது நூல் சுற்றியிருந்தார். வந்த பெண்களெல்லாம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பந்தியில் என் பக்கத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். இலையில் பாயசம் வைத்திருந்த நேரம், தகர மேசையில் ஊன்றியிருந்த அவருடைய கை அதிர்ந்தது. மேசை முழுக்கக் கர்ரென்றது. தண்ணீர் டம்ளர்கள் கிலுகிலுத்தன. பந்தியே திரும்பிப் பார்த்தது. அண்ணன் வாசல் பக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிளம்பலாம் என்று கூப்பிடுகிறார்.

அக்கா சாப்பாட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் எனக்கும் சைகை ஓரளவு பழகியிருந்தது. "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறாங்க?"

பத்து நாளில் எங்களுக்கு நிதி கொடுக்கிறவர்கள் வருகிறார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பிடிவாதக்காரி கையை நீட்டி, "கழட்டு" என்பார். அவர்தான் காட்ட வேண்டிய ஆள். நான் சிரித்துக்கொண்டு, "வளையல் அழகா இருக்குல்ல, அதான்," என்று கையைக் காட்டினேன்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து, பந்தியில் இருந்த எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையை உயர்த்தி, வளையலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். அதையும் பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டார்.

கை கழுவுகிற இடத்தில் ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க அப்புடிச் சொன்னீங்க? நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லவா?"

"வர்றவங்க வந்துட்டுப் போகட்டும்டி. நானே சொல்லுறேன்."

வந்தார்கள். பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினேன். அண்ணன் போனிலிருந்து எங்களுக்கு வந்த கணக்கில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை அந்தப் பட்டன் அழுத்தப்பட்டிருந்தது. சில நாள் காலை ஐந்து மணியிலிருந்தே. அதைப் பெரிய எழுத்தில் போட்டு, "குடும்பத்தோடு இவ்வளவு நெருக்கமாக இணைத்திருக்கிறது" என்று நான் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷியை ஒரு நாளில் ஐம்பது தடவை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே, அவர்களைச் சொல்லி என்ன.

அதற்குப் பிறகு அக்கா மெலிந்துகொண்டே வந்தார். ஊசியில் நூல் கோக்கவே நாலைந்து தடவை ஆகும். கையில் வளையல் சும்மா இருக்கும்போதே திடுக்கிட்டுத் திரும்புவார். வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்: தண்ணீர், மாடு, சமையல், அண்ணன் பிள்ளைகள், துணி. எண்ணி முடித்துவிட்டுத் தன் பிடரியைத் தொட்டுக் காட்டுவார். பிறகு வளையலைக் காட்டுவார். இரண்டும் ஒன்று என்பது போல. சத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அப்போதெல்லாம் வாய்ப்பு இருந்தது. புது மோட்டார் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அக்கா பையோடு மாடி ஏறி வந்தார். போன் கொண்டுவரவில்லை. திருச்சியில் கேட்காத பெண்கள் சேர்ந்து நடத்துகிற தையல் கூடம் ஒன்று இருக்கிறது. அக்காவின் நூல் வேலையைப் பார்த்து, அங்கேயே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள், தங்க இடமும் உண்டு. அண்ணன் முடியாது என்றுவிட்டார். கீரனூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்டெல்லா காத்திருக்கிறாள். எல்லாவற்றையும் கை பறக்கச் சொல்லிவிட்டு, மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார். கழட்டு.

வளையலைத் தள்ளிப் பார்த்தேன். அடியில் தோல் ரத்தச் சிவப்பாகக் கன்றிப்போயிருந்தது. என்னிடமும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எங்கே வைத்தேன்? மேசை டிராயரில் இல்லை. பேனா டப்பாவில் இல்லை. எதையும் வைத்த இடத்தில் வைக்கத் தெரியாத ஜென்மம் நான். பின்னறையில் பழைய பாகங்கள் கிடந்த அட்டைப் பெட்டியைத் தரையில் கொட்டித் துழாவிக்கொண்டிருந்தபோது, கீழே மொபெட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் மெஷின் கண்ணாடியில், கீழ்ப்படியில் கால் வைத்த அண்ணனைப் பார்த்துவிட்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு அங்கிருந்த இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கினார். நான் பின்னறைக் கதவைச் சாத்தினேன்.

"இருக்கீங்களா தங்கச்சி?"

"வாங்கண்ணே."

"அவ இங்கிட்டு வந்தாளா?"

"வரலயேண்ணே." எனக்கே ஆச்சரியம், குரல் பிசகவில்லை.

"போனையும் வீட்டுல போட்டுட்டுப் போயிருக்கா. பஸ் ஸ்டாண்டுலயும் பாத்துட்டேன், அங்கிட்டும் இல்ல." உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். நிதானமாகக் குடித்தார். "சரி, பாத்தாச் சொல்லுங்க. போறேன்," என்று எழுந்தார். வாசல் வரை போனவர், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். சத்தமாக ஏதோ பேசினேன், மாட்டுக்கு என்ன தீவனம் போடுகிறீர்கள் என்றோ என்னவோ. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்தினார்.

முதலில் வண்டு ரீங்காரம் போலத்தான் கேட்டது. ஃபேன் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த நொடி பின்னறை முழுவதும் கர்ரென்று அதிர்ந்தது. அவர் விரலை எடுத்தார், நின்றது. அழுத்தினார், அதிர்ந்தது. எடுத்தார்.

"இருக்காளே தங்கச்சி," என்றார். கோபமே இல்லை.

நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். "அவங்க சின்னப்புள்ள இல்லண்ணே. அவங்க இஷ்டத்துக்குப் போகட்டும்."

"நீங்கதான எங்கிட்டக் கையெழுத்து வாங்குனீங்க, பொறுப்பாளர்னு போட்டு?" என்று கேட்டார். என் தோளை ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அதிர்கிற கையை, அதிர விடாமல், தன் முழுப் பலத்தோடு இரும்பு பீரோவில் அழுத்திப் பிடித்திருந்தார். அடக்கிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். அண்ணன் பிடரியைப் பிடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வளையல் இல்லாத கையால் கேட்டார், "எப்புடித் தெரிஞ்சுச்சு?"

பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வளையலைக் காட்டினேன். பிறகு என் காதைத் தொட்டுக் காட்டினேன்.

அக்கா வளையலைப் பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கித் தன் காதருகில் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். பிறகு கையைப் பந்தியில் உயர்த்தியது போல உயர்த்தி, வளையலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அன்னைக்கும் இதுதானா என்று கேட்கிறார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அழுதுகொண்டுதான் ஆட்டினேன், ஆனால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்.

அண்ணன் பையை எடுத்துக்கொண்டார். "வாரேன் தங்கச்சி," என்று என்னிடம் சொல்லிக்கொண்டு, அக்காவை முன்னால் விட்டு, பிடரியில் கை வைத்தபடி கூட்டிப் போனார். நான் மாடி வாசலில் நின்றேன். நடுப் படியில் அவர் எப்போதும் நின்று ஒரு தடவை மேலே பார்ப்பார், அப்போது வாய்விட்டு இல்லாவிட்டாலும் கையாலாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். நடுப் படி வந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.